மேஸ்திரி திரும்பிய பக்கம்

செல்வி என்னிடம் கேட்டது நல்லதாக நாலு பக்கம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், நான் உட்கார்ந்திருந்த அதே காதுப் பரிசோதனைப் பிரிவுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. ஆண்டு மலர் போடுகிறார்களாம். "உங்க காலத்துல காது கேட்க வெச்ச கதையெல்லாம் எழுதிக் குடுங்க சார். படிச்சா சந்தோஷமா இருக்கணும்" என்றாள். எழுதிவிட்டேன். சந்தோஷத்துக்கு நான் பொறுப்பில்லை.

போன மாதம் அவள் என்னை அழைத்திருந்தாள். பிறவியிலேயே காது கேளாத மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு வலது பக்கம் உள்காதில் கருவி பொருத்தியிருந்தார்கள். புண் ஆறி, அன்றுதான் கருவியை முதன்முதலாக இயக்கும் நாள். செல்வி கணினியில் எதையோ தட்டினாள். கையில் இருந்த பொம்மையைக் குழந்தை கீழே விட்டது. கண் பெரிதானது. பிறகு உதடு பிதுங்கி அழுதது. அப்பா கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே தானும் அழுதார். இடது பக்கம் உட்கார்ந்திருந்த தாய் "பாப்பா" என்று கூப்பிட்டாள். குழந்தை வலது பக்கம், ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. அந்தக் கைதட்டலை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன், அதே கட்டடத்தில், 1972-இல்.

நான் வேலையில் சேர்ந்தது 1964 ஆனியில். பௌதிகம் படித்துவிட்டு, சென்னையில் கொஞ்ச நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தேன். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கற்றதெல்லாம் இங்கே வந்து கற்றதுதான்.

பரிசோதனை அறை என்பது பழைய மருந்துக் கிடங்கு. சுவர் முழுக்கத் தேங்காய்நார்ப் பாயை அடித்து, அதன்மேல் பழைய மெத்தைகளைக் கட்டியிருந்தோம். அப்படியும் கோயில் மணிச் சத்தம் உள்ளே வரும். ஆகவே உச்சிகாலப் பூஜை முடிந்து மணி ஓய்ந்த பிறகுதான் வேலையை ஆரம்பிப்பேன். நோயாளியை எனக்கு முதுகு காட்டி உட்கார வைப்பேன். முதலில் தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இரும்புக் கவைக்கோலைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்பேன். பக்கத்தைப் பற்றி எங்கள் முறையில் இருந்த ஒரே கேள்வி அதுதான். அதுவும் மண்டை எலும்பு வழியாகப் போகும் சத்தத்துக்கான கேள்வி. உலகத்துக்கான கேள்வி இல்லை. பிறகு தலைக்கருவியை மாட்டி ஒவ்வொரு காதாகச் சத்தம் கொடுப்பேன். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இரண்டையும் கோட்டால் இணைத்தால் ஒரு மனிதனின் காது தாளில் வந்துவிடும் என்று அப்போது நம்பினோம்.

எனக்கு மேலே இருந்த டாக்டர் வெளிநாட்டில் பயின்றவர். கைதேர்ந்தவர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் கிடையாது. மைக்ராஸ்கோப் வந்ததும், காதுக்குள் அங்கவடி எலும்பு இறுகிப்போய்ச் செவிடானவர்களுக்கு அந்த எலும்பை எடுத்துவிட்டு, அரை அரிசி நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பிஸ்டனை வைக்கும் அறுவையை ஆரம்பித்தார். மைக்ராஸ்கோப் வந்தது 1970 என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். தவறு. 1970-இல் வந்தது பெட்டிதான். உள்ளே லென்ஸ் உடைந்திருந்தது. மறு லென்ஸ் வந்து முதல் அறுவை நடந்தது 1971 சித்திரையில்.

மயக்கம் கொடுக்க மாட்டார். காதைச் சுற்றி மரத்துப்போக ஊசி மட்டும். நோயாளி விழித்தே இருப்பார். டாக்டர் கை நடுங்கிப் பார்த்ததில்லை. பேச்சும் அதிகம் இல்லை. கருவியை வாங்க வலது கையை நீட்டும்போது நர்ஸைப் பார்க்கவே மாட்டார். அது தானாகக் கையில் வந்து விழ வேண்டும். பிஸ்டன் உட்கார்ந்ததும் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, முகமூடியோடு குனிந்து நோயாளியிடம் ரகசியக் குரலில் "சாப்டீங்களா?" என்று கேட்பார். எல்லோரிடமும் அதே கேள்விதான். பதில் வந்தால் அறுவை வெற்றி. அந்த நேரத்தில் மட்டும் அவர் கண்ணோரம் சுருங்கும்.

தெய்வசிகாமணி மேஸ்திரி எங்களிடம் வந்தது அந்த ஆண்டு ஆடியில். நெசவாளர் சங்கம் ஒன்றின் தறிக்கொட்டகையில் மேற்பார்வை பார்ப்பவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். மனைவி ஜெகதாம்மாள்தான் பேசினாள்.

"வூட்ல ஒண்ணும் கேக்காது சார். கொட்டாயில மட்டும் பாம்புக் காது. அங்க இன்னா பேசுனாலும் கேக்குது, இங்க கத்துனாலும் கேக்கறதில்ல. பொண்டாட்டி பேச்சுன்னா மட்டும் செவுடுன்னு ஊரே சிரிக்குது."

அவள் சொன்னது உண்மை, அவர் போட்டது பொய்வேஷமும் இல்லை. இந்த நோயில் அப்படித்தான். இரைச்சலான இடத்தில் மற்றவர்கள் குரலை உயர்த்திப் பேசுவார்கள்; இரைச்சலில் பாதி இவர் காதில் ஏறாது, உயர்த்திய குரலும் தறியின் பலத்த அடியும் ஏறும். இருபது தறி அடிக்கும் கொட்டகை அவருக்கு வசதி. அமைதியான வீடுதான் சிரமம். இதனால்தான் அவர் செவிடு என்பதே கொட்டகையில் பல காலம் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கொட்டகைக்கு நான் பிறகு போய்ப் பார்த்தேன். மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுவழியில் நடப்பார். பக்கத்துக்குப் பத்துத் தறி. தலைக்குமேல், கரைப் பூவுக்கு இழை தூக்கும் ஜக்கார்டு பெட்டிகள். எங்காவது இழை அறுந்தாலோ பெட்டியில் ஊசி தூக்காமல் போனாலோ அந்தத் தறியின் அடி ஒரு இம்மி மாறும். அவர் திரும்பாமலே அந்தத் தறிக்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். தப்பு நடந்த இடத்தில் அடுத்த அடி விழுவதற்குள் தறி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கரையில் பூ கோணும். மேஸ்திரி உத்தியோகம் என்பதே இதுதான். மற்றதெல்லாம் யாரும் செய்யலாம்.

அறுவைக்கு அவர் ஒத்துக்கொண்டது மகளுக்காக. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் இவர் பதில் பேசாமல் உட்கார்ந்திருந்ததால், திமிர் பிடித்த ஆள் என எழுந்து போய்விட்டார்கள்.

பரிசோதனையில் இரண்டு காதும் ஒன்றுபோலவே குறைந்திருந்தன. சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நெற்றியில் கவைக்கோலை வைத்துக் கேட்டபோது "நடுவுல" என்றார். ஆவணியில் வலது காதில் அறுவை. பிஸ்டன் உட்கார்ந்தது. டாக்டர் குனிந்தார்.

"சாப்டீங்களா?"

"காலையிலேர்ந்து பட்டினி போட்டுட்டு இன்னா கேள்வி டாக்டர் இது?"

அறுவை அறையில் டாக்டர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஒரு மாதம் கழித்துச் சோதித்தேன். சிவப்பு வட்டங்கள் தாளின் உச்சிக்கு ஏறியிருந்தன. மேஸ்திரி ஸ்டவ் இரைவதைச் சொன்னார், மகளின் வளையல் சத்தத்தைச் சொன்னார். ஐப்பசியில் மகளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாயிற்று. இந்த முறை மாப்பிள்ளை வீட்டாரோடு அவர்தான் அதிகம் பேசினாராம். ஜெகதாம்மாள் டாக்டருக்கு ஒரு தட்டு வெற்றிலை பாக்கோடு பழம் கொண்டுவந்து வைத்தாள்.

கார்த்திகையில் அவர் தனியாக வந்தார். டாக்டரிடம் போகவில்லை; என் அறைக்கு வந்தார்.

"சார், எல்லாம் கேக்குது. எங்கேர்ந்து கேக்குதுன்னு தெரியல."

"புரியலையே மேஸ்திரி."

"எல்லாத் தறியும் வலது காதாண்டையே ஓடுது சார். இடது பக்கத் தறி அடிச்சாலும் வலது பக்கந்தான் அடிக்குது. பின்னால கூப்ட்டாலும் வலது பக்கம். நான் திரும்பினா அங்க சொவரு."

கொட்டகையில் இதைக் கண்டுபிடித்தது நாகய்யா என்ற தறிக்காரர். இடது வரிசைக் கடைசித் தறி. வீட்டில் தெலுங்கு பேசுபவர். கேலிக்கு மட்டும் தமிழ் போதும் என்பவர். ஒரு நாள் "மேஸ்திரி" என்று கூப்பிட்டிருக்கிறார். மேஸ்திரி வலது பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்து "இன்னாப்பா?" என்றிருக்கிறார். அன்றிலிருந்து அது விளையாட்டானது. ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிடுவது. அவர் சுற்றிச் சுற்றித் திரும்புவது. "மேஸ்திரி, சொவரு இன்னிக்கு எத்தினி மொழம் நெய்ஞ்சிது?" என்று நாகய்யா கேட்பார். கொட்டகையே சிரிக்கும்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு முகூர்த்தப் புடவை தறியில் இருந்தபோது பெட்டியில் ஊசி தூக்கவில்லை. மேஸ்திரி சத்தத்தைக் கேட்டார், தப்பு என்றும் தெரிந்துகொண்டார், வலது வரிசையில் சரியாக ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தி அந்த ஆளைத் திட்டினார். இடது வரிசையில் கெட்டுப்போன தறி ஒரு சாண் நீளத்துக்குக் கோணல் சரிகையை நெய்து முடித்தது. சங்கச் செயலாளர் கூப்பிட்டுப் பொங்கல் வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் மேஸ்திரி வேலை இல்லை.

எங்கள் முறையில் இதற்குச் சோதனை கிடையாது. நானே ஒன்று செய்தேன். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் அவரை முக்காலியில் உட்கார வைத்துத் துண்டால் கண்ணைக் கட்டினேன். வார்டு ஆயாக்களை நாலு மூலையிலும் நிற்க வைத்து மாற்றி மாற்றிக் கை தட்டச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவர் விரல் வலது பக்கமே போனது. கடைசியில் விரலை நீட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு, "போதும் சார், கழட்டுங்க" என்றார்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரு காது திறந்திருக்கு, ஒரு காது மூடியிருக்கு. வேற எப்படி இருக்கும்? கேட்கலைன்னு வந்தார், கேட்குது. எந்தப் பக்கம்னு தெரியலைன்னா திரும்பிப் பார்க்கச் சொல்லுய்யா."

"திரும்பிப் பார்த்தா வேலை போயிடும் சார். இடது காதையும் செஞ்சுட்டா?"

"ரெண்டு வருஷம் போகாம அடுத்த காதைத் தொட மாட்டேன். இந்தப் பிஸ்டன் நாளைக்கு என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது. ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட பணயம் வைக்கச் சொல்றியா?"

அதில் தப்பில்லை. அன்றைக்கு உலகம் முழுக்க நல்ல மருத்துவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். என் கசப்பு அதில் இல்லை.

1972 தையில் வெளியூர் டாக்டர்கள் பலர் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார்கள். கூடத்தில் நாற்காலி போட்டிருந்தோம். டாக்டர் மேஸ்திரியை வரவழைத்து நடுவில் நிற்க வைத்து, அவருடைய தாளைச் சுவரில் மாட்டி விளக்கினார். பிறகு மேஸ்திரிக்குப் பின்னால், இடது பக்கமாகப் போய் நின்று, ரகசியக் குரலில் "காமாட்சி" என்றார்.

மேஸ்திரி வலது பக்கம் திரும்பினார். அங்கே வெள்ளையடித்த சுவர். அந்தச் சுவரைப் பார்த்து, மரியாதையாக, "காமாட்சி" என்றார்.

கூடம் முழுக்கக் கைதட்டல். அத்தனை காது டாக்டர்கள் இருந்தார்கள். சொல் சரியாக வந்ததா என்று பார்த்தார்கள், முகம் எங்கே போனது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கைதட்டல் கேட்ட பக்கம் நன்றி சொல்ல வேண்டும் என்று மேஸ்திரி கை கூப்பினார். அதையும் சுவருக்கே கூப்பினார். அப்போது எடுத்த புகைப்படம் நான் ஓய்வு பெறும் வரை நடைவழியில் தொங்கியது. படத்தில் டாக்டர் சிரிக்கிறார். நோயாளி வேறு எங்கோ பார்க்கிறார். கேமராவுக்குக் கூச்சம் என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

பொங்கல் தவணை முடிந்தது. ஆனால் மேஸ்திரி வேலை போகவில்லை. விசாரிக்கக் கொட்டகைக்குப் போனேன். அவர் பழையபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறார். முதுகுக்குப் பின்னால் இழை அறுந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நாகய்யா என்னிடம் நொந்துகொண்டார்: "மேஸ்திரிக்குச் செவுடு திரும்பிடுச்சி சார். இனிமே ஏமாத்த முடியாது."

திரும்பவில்லை. அவரே திருப்பிக்கொண்டார். பட்டுநூல் கழிவைக் கையில் உருட்டி, எச்சில் தொட்டு, அறுவை செய்த காதில் இறுக்கி அடைத்திருந்தார். வலது காது இடது காதின் அளவுக்கு இறங்கிவிட்டது. இரண்டும் சமமானதும் தறிகள் அதனதன் இடத்துக்குப் போய்விட்டன. காலையில் கொட்டகை வாசலில் அடைப்பார். மாலையில் அதே வாசலில் எடுப்பார். அந்த ஆண்டு அவருக்கு வேலையும் இருந்தது, மகள் பேச்சும் கேட்டது.

"பஞ்சு வெச்சுக்குங்க மேஸ்திரி. வெளியே நிக்கற மாதிரி பெருசா வெசலின் தடவி வெச்சா உள்ள போகாது."

"பஞ்சு சத்தத்த வுடுது சார். பட்டுதான் கட்டும்."

சென்னையில் காதுக்கு அச்செடுத்துக் கெட்டி அடைப்பான் செய்துகொடுக்கும் ஆள் இருந்தார். காதின் வளைவுக்குள் சரியாக உட்காரும், இழை பிரியாது, பிடித்து எடுக்கக் குமிழ் இருக்கும். டாக்டர் ஒரு சீட்டு எழுதினால் போதும். கேட்டேன்.

அவர் என்னை முதன்முதலாக நேராகப் பார்த்தார். "நான் திறந்த காதை நீ அடைக்கச் சொல்றியா?"

"கொட்டகையில இருக்கிற நேரத்துக்கு மட்டும் சார்."

"அடைப்பான் வேணும்னு என் கையால எழுதினா அர்த்தம் என்ன? போன மாசம்தான் அத்தனை பேர் முன்னால காட்டினேன். வெளியே தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க?"

நாகய்யா சிரித்தால் மேஸ்திரிக்கு வேலை போகும். யாரோ சிரித்துவிடுவார்களோ என்று டாக்டருக்கும் பயம். இரண்டில் ஒரு பயத்துக்குத்தான் அந்த ஆஸ்பத்திரியில் மதிப்பு இருந்தது. சீட்டு இல்லாமல் அச்செடுக்க மாட்டேன் என்று சென்னைக்காரர் சொல்லிவிட்டார்.

திருமுக்கூடல் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஆதுலர் சாலை என்ற அந்தக் கால ஆஸ்பத்திரியைப் பற்றி வெட்டியிருக்கிறார்கள்: மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள், என்னென்ன மருந்து, யாருக்கு எவ்வளவு நெல். விடுமுறைகளில் சைக்கிளில் போய்ப் படித்திருக்கிறேன். வீட்டுக்குப் போன நோயாளி அப்புறம் எப்படி இருந்தார் என்று மட்டும் அதில் இல்லை. இத்தனை நூற்றாண்டு கழித்து நாங்களும் அதை எழுதிவைக்கவில்லை.

1973 மாசியில் ஒரு மாலை ஜெகதாம்மாளும் நாகய்யாவும் மேஸ்திரியை ரிக்‌ஷாவில் கொண்டுவந்தார்கள். நிற்க முடியவில்லை, வாந்தி, கண் விழி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தது. வலது காதில் ரத்தம். உருட்டிய பட்டில் ஒரு துணுக்குப் பிரிந்து உள்ளே தங்கிவிட்டிருக்கிறது. விரலுக்கு எட்டவில்லை. வீட்டுக்கு அப்படியே போனால் அந்தக் காதும் கேட்காது. அன்று மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கொட்டகையில் தறி அச்சில் இழை கோர்க்கும் கொக்கி ஊசி ஒன்று கைக்கெட்டியது. வாழ்நாள் முழுக்க எந்தச் சந்திலிருந்தும் இழையை இழுத்த கைகள். அந்த நம்பிக்கையில் காதுக்குள் விட்டிருக்கிறார். துணுக்கு வந்தது. கூடவே செவிப்பறை கிழிந்தது. கொக்கி பட்டுப் பிஸ்டன் உள்காதுக்குள் இறங்கிவிட்டது.

நாகய்யா நடைவழியில் நின்று அழுதார். "அவரே எடுக்கறேன்னாரு சார். நான் வெளக்கப் புடிச்சேன். நான்தான் வெளக்கப் புடிச்சேன்."

டாக்டர் இரண்டு மணி நேரம் போராடினார். பிஸ்டனை எடுத்தார். கேட்கும் சக்தியைத் திரும்ப வைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. சில வாரம் கழித்துச் சோதித்தபோது வலது காதுக்கு நான் எவ்வளவு சத்தம் கொடுத்தும் விரல் எழவில்லை. நெற்றியில் கவைக்கோலை வைத்தேன். முன்பு "நடுவுல" என்ற மனிதர் "இடது" என்றார்.

வார்டில் டாக்டர் அவரிடம் சத்தமாகக் கேட்டார்: "காதுல எதுக்குய்யா நூலை அடைச்சே? கேட்கணும்னுதானே வந்தே?"

மேஸ்திரி சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். கேட்கவில்லையா, சொல்ல விரும்பவில்லையா, எனக்குத் தெரியாது. டாக்டர் என் பக்கம் பார்க்காமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நோயாளியின் அஜாக்கிரதை என்று முடிந்தது. மிஞ்சியிருந்த ஒரே காதை அறுவைக்குப் பணயம் வைக்க இனி யாரும் துணிய மாட்டார்கள். நடைவழிப் படத்தை யாரும் கழற்றவில்லை.

கொட்டகையில் அவரை விரட்டவில்லை. ஊடை நூலைத் தாராகச் சுற்றும் வேலையில் வைத்தார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து ராட்டை சுற்றலாம். யாரும் எந்தப் பக்கமும் கூப்பிட வேண்டியதில்லை. மேஸ்திரி வேலைக்கு நாகய்யாவைக் கேட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தது 1978 புரட்டாசியில், பஸ் நிலையத்தில். ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். பக்கத்தில் ஜெகதாம்மாள், அவருடைய இடது பக்கம். நான் பின்னாலிருந்து "மேஸ்திரி" என்று உரக்கக் கூப்பிட்டேன். பஸ் இரைச்சலில் இடது காதுக்கு அது கேட்டிருக்கும். தோள் ஒரு முறை அசைந்தது. ஆனால் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அப்போதும் அப்படியே நின்றார்.

ஜெகதாம்மாள்தான் திரும்பினாள். "கேட்டுது சார் அவருக்கு. திரும்ப மாட்டாரு. தப்பாத் திரும்பினா யாராச்சும் சிரிப்பாங்கன்னு வுட்டுட்டாரு. நீங்க எதுக்க வந்து நில்லுங்க."

நான் சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு நேராக நின்றேன்.

"அட, சார்! நீங்களா கூப்ட்டது?" என்றார் மேஸ்திரி.

செல்வி, அந்தப் பாப்பா அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தப்பான பக்கம்தான். ஆனால் இன்னும் திரும்புகிறாள். இரண்டாவது காதுக்கும் கருவி வைக்க யார் கையெழுத்துப் போட வேண்டுமோ, அவள் திரும்புவதை நிறுத்துவதற்குள் அவர்களிடம் போய்க் கேள். மலரில் இதைப் போடாவிட்டாலும் பரவாயில்லை.